கோதாவில் இறங்கிய பெண்மணி

சுயம்வரம் என்றால் வில்லை முறிப்பதும் காளையை அடக்குவதும் நமக்குத் தெரிந்த கதைகள். குஸ்திச் சுயம்வரம் கேள்விப்பட்டதுண்டா?

1954-ஆம் வருஷம் பிப்ரவரியில் ஹமீதா பானு என்ற பெண்மணி அப்படித்தான் சவால் விட்டார். கோதாவில் தம்மை ஜெயிக்கும் ஆண்பிள்ளைக்கு மாலையிடத் தயார் என்றார்! பாட்டியாலாவிலிருந்து ஒருவரும் கல்கத்தாவிலிருந்து ஒருவரும் மோதிப் பார்த்தார்கள். இருவருக்கும் தோல்விதான்.

மே மாதம் பரோடாவில் அடுத்த பந்தயம். ஏற்பாடாகியிருந்த பயில்வான், "பெண்ணோடு குஸ்தியா? முடியாது" என்று விலகிக்கொண்டார். பதிலுக்கு வந்த பாபா பயில்வானை அம்மையார் 1 நிமிஷம் 34 விநாடியில் மண்ணைக் கவ்வ வைத்துவிட்டார். அடுப்பில் வைத்த பால் பொங்கக்கூட அதைவிட அதிக நேரமாகும்!

ஹமீதா பிறந்தது உத்தரப் பிரதேசத்து மிர்ஜாபூரில். குஸ்தி பயின்றது அலிகாரில். உயரம் 5 அடி 3 அங்குலம். எடை 108 கிலோ. தினம் 6 மணி நேரம் பயிற்சி, 9 மணி நேரம் தூக்கம். ஆகாரமோ, சுமார் ஐந்தரை லிட்டர் பால், ஒரு கோழி, அரைக் கிலோ வெண்ணெய், 6 முட்டை, இரண்டு தட்டு பிரியாணி என்று அந்நாளில் பத்திரிகைகள் அடுக்கின. இன்னும் பட்டியல் உண்டு. படிக்கும் நமக்கே மூச்சு வாங்கும்!

ஆனால் எல்லா ஊரிலும் மாலை விழவில்லை. புனாவில் குஸ்திச் சங்கத்தார் ஆட்சேபித்ததால் ஒரு போட்டியே நின்றுபோயிற்று. கோல்ஹாப்பூரில் ஓர் ஆணை ஜெயித்ததற்குக் கிடைத்த பரிசு கல்லடி.

அதே 1954-ல் பம்பாயில், ரஷ்யாவின் 'பெண் கரடி' எனப்பட்ட வீரா சிஸ்டிலினை ஒரு நிமிஷத்துக்குள் வீழ்த்தினார். ஐரோப்பாவுக்குப் போய் மோதப்போவதாகவும் அறிவித்தார். அத்துடன் குஸ்தி மேடையிலிருந்து மறைந்துவிட்டார்.

என்ன நடந்தது? அவர் ஐரோப்பா போவது பயிற்சியாளருக்குப் பிடிக்கவில்லையாம். கை முறியும்படி அடித்துவிட்டாராம். பிற்காலத்தில் பேரன் சொன்ன விவரம் இது. அதன்பின் பம்பாய்க்கு அருகே கல்யாணில் பால் வியாபாரம் செய்தார். வீடுகளை வாடகைக்கு விட்டார். கையில் காசு குறைந்தபோது, வீட்டிலேயே பலகாரம் செய்து தெருவோரத்தில் விற்றார். 1986-ல் காலமானார். 2024 மே 4-ஆம் தேதி கூகுள் அவர் சித்திரத்தைத் தன் முகப்பில் போட்டபோதுதான் நம்மில் பலருக்கு அவர் பெயரே தெரிந்தது.

பெண்ணுக்குப் பலம் போதாது என்று யாராவது பேசினால் இந்த அம்மையாரை நினைவூட்டுங்கள். பலத்துக்கு அவரிடம் குறைவே இல்லை. அவருக்குக் கிடைக்காதது, ஐரோப்பாவுக்கு ஒரு பிரயாணந்தான்.