‘ஐ ஹேவ் எ டவுட்’… தப்பான இங்கிலீஷா, நம்ம இங்கிலீஷா?

சென்னை ஓஎம்ஆரில் ஒரு ஐடி அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். இரவு 8 மணி, அமெரிக்க கிளையன்ட்டுடன் வீடியோ கால். புது ப்ராஜெக்ட்டின் டைம்லைனை அவர் விளக்கி முடிக்கிறார். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமே ஆன ஒருவர் மைக்கை ஆன் செய்து, ரொம்பப் பணிவாக, ‘ஐ ஹேவ் எ டவுட் அபவுட் த டைம்லைன்’ என்கிறார்.

அவர் கேட்க நினைத்தது சின்ன விஷயம்தான். டெஸ்ட்டிங்குக்கு ஒதுக்கிய இரண்டு வாரத்தில் சனி, ஞாயிறும் சேர்த்தியா? ஆனால், கிளையன்ட்டின் முகம் லேசாக மாறுகிறது. அவர் காதில் விழுந்தது வேறு: ‘இந்த டைம்லைன் ஒத்துவரும்னு எனக்கு நம்பிக்கை இல்லை.’ பேச்சு அங்கிருந்து, டைம்லைனை ஏன் மாற்ற முடியாது என்பதற்குப் போய்விடுகிறது. கால் முடிந்ததும் மேனேஜர் சாட்டில் வருகிறார்: ‘இனிமே டவுட்னு சொல்லாதீங்க, கொஸ்டின்னு சொல்லுங்க.’

மேனேஜர் சொன்னது சரிதான். ஆனால், காரணம் சொல்லாமல் திருத்தினால் ஒன்றுதான் நடக்கும். அடுத்த காலில் அந்த ஜூனியர் மைக்கையே ஆன் செய்ய மாட்டார். ‘டவுட்’ என்ற வார்த்தையால் வருகிற நஷ்டத்தைவிட இந்த மௌனத்தால் வருகிற நஷ்டம் பெரிசு.

குறை யார் பக்கம்?

அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ ‘டவுட்’ என்றால் நம்பிக்கைக் குறைவு. உங்கள் திட்டம், உங்கள் கணக்கு, உங்கள் பேச்சு இவற்றில் எதையோ நான் முழுசாக நம்பவில்லை என்று பொருள். அதாவது, குறை எதிரே இருப்பவர் சொன்னதில் இருக்கிறது. ‘கொஸ்டின்’ என்றால் தகவல் குறைவு. எனக்கு ஒரு விஷயம் தெரியவில்லை, சொல்லுங்கள்.

நம் ஊர் வகுப்பறையில் இது அப்படியே தலைகீழ். ‘சார், ஒரு சந்தேகம்’ என்று மாணவர் எழுந்தால், ‘நீங்க சரியாத்தான் நடத்துனீங்க, எனக்குத்தான் புரியலை’ என்று அர்த்தம். குறையைக் கேட்பவரே தன் தலையில் போட்டுக்கொள்கிறார். அதே மாணவர் ‘சார், ஒரு கேள்வி’ என்று ஆரம்பித்தால் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும். ‘என்னையே கேள்வி கேக்குறியா?’ என்று வீட்டில் அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் யார்? ‘எதிர்த்துக் கேள்வி கேட்கிறான்’ என்கிறோம். எதிர்த்துச் சந்தேகம் கேட்டான் என்று யாரும் சொல்வதில்லை. மக்களவையில் காலை 11 மணிக்கு நடப்பதும் கேள்வி நேரம்தான். அமைச்சரிடம் பதில் வாங்கும் நேரத்துக்கு ‘சந்தேக நேரம்’ என்று பெயர் வைத்தால் எவ்வளவு சப்பென்று இருக்கும்!

ஆக, அந்த ஜூனியர் தனக்குத் தெரிந்ததிலேயே மிகப் பணிவான வார்த்தையைத்தான் எடுத்தார். இங்கே பணிவான அந்த வார்த்தை, கடல் தாண்டியதும் அவநம்பிக்கையாகக் கேட்கிறது. அவருக்கு இலக்கணம் தெரியவில்லை என்றோ, மரியாதை தெரியவில்லை என்றோ முடிவுகட்டினால் அது அநியாயம்.

பாம்பா, கயிறா?

கேள்விகளில் வகை பிரிப்பது தமிழுக்குப் புதுசும் இல்லை. பவணந்தி முனிவரின் நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது. பள்ளியில் மனப்பாடம் செய்தது பலருக்கு ஞாபகம் இருக்கலாம்: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. பதில் தெரிந்த ஆசிரியர் மாணவரைச் சோதிக்கக் கேட்பது அறிவினா. தெரியாத மாணவர் கேட்பது அறியாவினா. இருட்டில் கிடப்பது பாம்பா, கயிறா என்று இரண்டுக்கும் நடுவே நின்று தடுமாறுவது ஐயவினா. (கடையில் ‘பருப்பு இருக்கா?’ என்று கேட்பது கொளல் வினா. இந்த ஒன்று மட்டும் எல்லோருக்கும் நினைவில் நிற்கிறது!)

இந்தக் கணக்குப்படி பார்த்தால், நம் வகுப்பறை ‘டவுட்’களில் முக்கால்வாசி அறியாவினாக்கள். ஐயம் என்ற பெயரில் உலவுகின்றன, அவ்வளவுதான். நீட் கோச்சிங்கில் ‘டவுட் கிளியரிங் செஷன்’ நடக்கிறது. புரியாத கணக்கைப் படம் எடுத்து அனுப்பினால் விடை தரும் செயலிக்கு ‘டவுட்நட்’ என்று பெயர். லண்டனில் இருப்பவருக்கு இந்தப் பெயரின் பாதி அர்த்தம் பிடிபடாது.

ஐயவினாவுக்கும் இங்கிலீஷ் ‘டவுட்’டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. ‘டவுட்’டின் லத்தீன் வேர், இரண்டு என்ற எண்ணைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையது. நாம் ‘ரெண்டு மனசா இருக்கு’ என்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான். அந்த லத்தீன் உறவை நினைவூட்டத்தான், பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்த சொல்லின் எழுத்தில் அறிஞர்கள் பிற்பாடு ஒரு ‘பி’யைச் செருகினார்கள். உச்சரிப்பில் இல்லாமல் எழுத்தில் மட்டும் உட்கார்ந்திருக்கும் ‘பி’ வந்த கதை இது.

‘சஸ்பெக்ட்’ எங்கே வருகிறது?

‘டவுட்’டைவிட அதிகம் காலை வாருவது ‘சஸ்பெக்ட்’. இரண்டுக்கும் தமிழில் சந்தேகம்தான். ஆனால், இங்கிலீஷில் இரண்டும் எதிரெதிர்த் திசை. ‘ஐ டவுட் ஹி கேம்’ என்றால், அவர் வந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். ‘ஐ சஸ்பெக்ட் ஹி கேம்’ என்றால், வந்திருப்பார் என்று நினைக்கிறேன். சர்வர் கோளாறு பற்றிய மெயிலில் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால், படிப்பவர் தப்பான இடத்தில் போய்த் தேடுவார்.

தமிழில் இந்த வேலையை வால் பார்த்துக்கொள்கிறது. ‘அவர் வருவாரான்னு சந்தேகமா இருக்கு’ என்றால் டவுட். ‘அவர்தான் எடுத்திருப்பார்னு சந்தேகமா இருக்கு’ என்றால் சஸ்பெக்ட். ‘ஆ’ வந்தால் ஒன்று, ‘என்று’ வந்தால் இன்னொன்று. பேசும்போது யாரும் இதை யோசிப்பதில்லை, தப்பும் விடுவதில்லை. நாளிதழைத் திறந்தால் ஒரே பக்கத்தில் ‘சந்தேக மரணம்’ இருக்கும், ‘சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை’ இருக்கும். முதலாவது ஏதோ நடந்திருக்கிறது என்று சொல்கிறது. இரண்டாவது, இவர்தான் செய்தார் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்கிறது. வாசகர் குழம்புவதில்லை. இங்கிலீஷில் எழுதும்போது அந்த வாலைக் கழற்றிவிட்டு, ‘சந்தேகம்’ என்ற தலையை மட்டும் மொழிபெயர்ப்பதால்தான் சிக்கல்.

இது நம் ஆட்களின் தனி வியாதி என்று நினைக்க வேண்டாம். ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ் பேசுபவர்களும் வகுப்பில் கை தூக்கி ‘எனக்கு ஒரு சந்தேகம்’ என்றுதான் அவர்கள் மொழியில் சொல்கிறார்கள். இங்கிலீஷுக்கு வரும்போது அவர்களுக்கும் இதே வழுக்கல். அவ்வளவு ஏன், ஸ்காட்லாந்தில் ஒருவர் ‘ஐ டவுட் இட்டில் ரெயின்’ என்றால், மழை வந்துவிடும்போல இருக்கிறது, குடையை எடுங்கள் என்று அர்த்தம். ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலீஷிலும் ‘டவுட்’டுக்கு இந்த ‘சஸ்பெக்ட்’ பொருள் புழக்கத்தில் இருந்தது. எனவே, ‘சரியான இங்கிலீஷ்’ என்று யாராவது மேசையைத் தட்டினால், எந்த ஊர், எந்தக் காலத்து இங்கிலீஷ் என்று திருப்பிக் கேட்கலாம்.

‘கொஸ்டின்’ எப்போதும் பாதுகாப்பா?

மேனேஜரின் அறிவுரையிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ பிரச்னை இல்லாதது. அதையே வினைச்சொல்லாக்கி ‘ஐ கொஸ்டின் திஸ் டைம்லைன்’ என்றால் ‘டவுட்’டைவிடக் காட்டமாகிவிடும். ‘கொஸ்டின்டு பை போலீஸ்’ என்பதில் வரும் கொஸ்டின் அது. ‘குவெரி’ கொஞ்சம் ஆபீஸ் வாசனை அடிக்கும், பில்லில் ஒரு தொகை இடித்தால் பொருத்தம். ‘டிமாண்ட்’ பக்கமே போக வேண்டாம். கோரிக்கை என்று நினைத்து அதை எழுதினால் மிரட்டலாகப் போய்ச் சேரும்.

‘என்கொயரி’ தனிக் கதை. ரயில் எப்போது வரும் என்று கேட்கும் கவுன்ட்டருக்கும் அதே பெயர், சஸ்பெண்ட் ஆன ஊழியர் மீது துறை நடத்துவதற்கும் நம் பேச்சில் அதே பெயர். தமிழில் ‘விசாரணை’ என்றால் வயிற்றைக் கலக்கும். ஆனால், ‘அம்மாவை விசாரிச்சதா சொல்லு’ என்றால் அன்பு. இதை அப்படியே இங்கிலீஷில் எழுதி அனுப்பினால் அம்மா வக்கீலைத் தேட வேண்டியதுதான்!

நடைமுறைக்கு வருவோம். இந்திய டீமுக்குள் ‘டவுட்’ என்று தாராளமாகச் சொல்லலாம். எல்லோருக்கும் புரிகிறது, யாருக்கும் உறுத்துவதில்லை. வெளிநாட்டு கிளையன்ட் இருக்கும் காலில் ‘கொஸ்டின்’ என்பதோ, ‘குட் யூ கிளாரிஃபை’ என்று ஆரம்பிப்பதோ நல்லது. அது அடிமைத்தனம் கிடையாது. மதுரையில் ஒரு மாதிரியும் கோவையில் ஒரு மாதிரியும் பேசுவதில்லையா, அதுபோலத்தான். மேனேஜர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. வார்த்தையைக் கால் முடிந்த பிறகு சாட்டில் திருத்தலாம். அதற்கு முன், காலிலேயே குறுக்கிட்டு, ‘அவர் ஒரு விவரம் கேட்கிறார்’ என்று கிளையன்ட்டிடம் ஒரு வரி சொல்லியிருக்கலாம். அதற்குப் பத்து விநாடிகூட ஆகாது.

அந்த இரண்டு வாரத்தில் சனி, ஞாயிறு சேர்த்தியா, இல்லையா என்று கடைசிவரை யாரும் சொல்லவே இல்லையே.