வெட்டு முதலில் எங்கே விழ வேண்டும்?

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குகளின் மீது அமெரிக்கா 50 சதவிகித வரி போட்டது. வாஷிங்டனில் போட்ட கையெழுத்துக்கு ஆம்பூரிலே அடுப்பு அணையுமோ என்ற அச்சம் பிறந்தது. வேலூர், இராணிப்பேட்டை, வாணியம்பாடி வட்டாரத்துத் தோல் கம்பெனிகளும் ஷூ கம்பெனிகளும் அயல்நாட்டு ஆர்டரை நம்பி நிற்பவை. 2008-இல் உலக நெருக்கடி; 2020-இல் கொரோனா முடக்கம்; அடுத்து இந்த வரி. ஒவ்வொரு முறையும் எழும் பேச்சு ஒன்றே ஒன்றுதான்: ஆட்குறைப்பு!

வரவு சுருங்கினால் செலவும் சுருங்க வேண்டும். இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வெட்டு முதலில் எங்கே விழ வேண்டும்? அதுதான் கேள்வி.

ஆர்டர் பாதியானால் ஆளைப் பாதியாக்குவது ஒரு வழி. வேலை நேரத்தைக் குறைத்து, எல்லோரையும் வைத்துக்கொள்வது இன்னொரு வழி. 2009-இல் ஜெர்மனி இரண்டாவது வழியில் நடந்தது. இழந்த கூலியில் ஒரு பங்கைக் காப்பீட்டு நிதி ஈடுகட்டியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்த ஏற்பாட்டின் கீழ் வேலையில் நீடித்தனர். ஆர்டர் திரும்பியபோது பழகிய கைகள் பட்டறையிலேயே இருந்தன.

தோலின் தரத்தைத் தடவிப் பார்த்தே சொல்லும் கை ஒரே நாளில் உருவாவதில்லை. இன்று விரட்டப்பட்டவர் நாளை பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட்டால், மறுபடி ஆர்டர் வரும்போது யாரைக் கூப்பிடுவீர்கள்?

லே-ஆப் நாளுக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி தர வேண்டும் என்பது 1953-இலேயே நம் நாட்டில் சட்டமானது. அதன் மேல் அரசும் தன் பங்கைச் சேர்த்திருக்க வேண்டும். நடந்தது என்ன? 2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி தேவைப்படும் வரம்பை 100 தொழிலாளரிலிருந்து 300-க்கு உயர்த்திவிட்டது. மழைக்காலத்திலா குடையைப் பிடுங்குவது?

சிக்கனத்தின் பெயரால் கை வைக்கக் கூடாத இடம் இன்னொன்றும் உண்டு: கழிவுநீர்ச் சுத்திகரிப்பு. மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று வேலூர் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் மாண்டனர். பாலாற்றையும் மனித உயிரையும் அடகு வைத்து மிச்சம் பிடிப்பது சிக்கனமல்ல, கொலை!

தோழர்களே! ஆட்குறைப்பு என்ற பேச்சு எழுந்தால், முதலில் ஆர்டர் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். மேலிடச் செலவில் எவ்வளவு குறைந்தது என்று கேளுங்கள். வேலையைப் பங்கிடச் சொல்லுங்கள். அதற்கும் பின்னர் ஆட்குறைப்புத்தான் என்றால், கடைசியில் சேர்ந்தவரே முதலில் என்ற வரிசை மீறப்படாமல் காவல் நில்லுங்கள். ஓராண்டுக்குள் மறுபடி ஆள் எடுத்தால் நீக்கப்பட்டவருக்கே முன்னுரிமை. அவர் பெயரையும் முகவரியையும் சங்கத்தின் பதிவேட்டில் எழுதி வையுங்கள்.

வரி ஏறும், இறங்கும். சிதறிய தொழிலாளர் கூட்டத்தைத் திரும்பச் சேர்ப்பது எளிதல்ல.