எத்தனை செடி?

சீனன்குடாவில் மாரி ஓய்ந்து தக்காளி பூக்கத் தொடங்கினால் வேலிக்கு வேலி ஒரே கேள்விதான்: "அண்ணை, புழுவுக்கு என்ன மருந்து அடிக்கிறது?" இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில், வீட்டில் பயிரிடட்டும் என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கூடக் கொடுத்தார்கள். லீவு போய்விட்டது, புழு போகவில்லை.

என் பதில்: மருந்து இருக்கட்டும், முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள்.

ஸ்பொடொப்டெரா என்னும் இலைப்புழுவின் தாய் அந்துப்பூச்சி, முட்டைகளை ஒரே இடத்தில் குவித்து இட்டுப் பழுப்பு மயிரால் மூடிவிடும். பொரித்த குஞ்சுகள் சில நாள் அந்த இலையிலேயே கூட்டமாகச் சுரண்டும்; இலை கண்ணாடித்தாள் போலாகிவிடும். அந்த ஓர் இலையைக் கிள்ளி எரித்தால் நூற்றுக்கணக்கில் கணக்கு முடிந்தது. விட்டால் தோட்டமெங்கும் பரவி, பகலில் மண்ணில் ஒளிந்து இரவில் மேயும்.

காய்துளைப்பான் ஹெலிகோவெர்ப்பா வேறு ரகம். முட்டையைத் தளிரிலும் பூவை ஒட்டியும் ஒவ்வொன்றாக இடும். புழு காய்க்குள் தலையை நுழைத்துவிட்டால் மருந்து எட்டுவது கடினம். பல நாடுகளில் பல மருந்துகளுக்குத் தாக்குப்பிடிக்கப் பழகிவிட்ட இனம் அது. துளை விழுந்த காயைச் செடியடியில் எறியாதீர்கள். புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாகத் திரும்பி வரும். கோழிக்குப் போடுங்கள்.

கைக்கு மிஞ்சினால் வேப்பங்கொட்டை இருக்கிறது. லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் பருப்பை இடித்து, இரவு முழுக்க ஊறவைத்து வடித்து, துளி சவர்க்காரம் கலந்து பின்னேரத்தில் தெளியுங்கள். வெயில் அதன் வீரியத்தைக் கெடுக்கும். குஞ்சுப் புழுவைத்தான் அது அடக்கும், கொழுத்ததை அல்ல.

கடை மருந்துப் போத்தலில், தெளித்தபின் எத்தனை நாள் பறிக்கக்கூடாது என்று எழுதியிருக்கும். வீட்டுத் தக்காளியில் இன்று இரண்டு, நாளை மூன்று என்று பழுக்கப் பழுக்கச் சட்டிக்குப் போகிறது. அந்த நாட்களை எந்த அடுப்படி காத்திருக்கப்போகிறது?

ஒரு ஏக்கர் வைத்திருப்பவரால் ஒவ்வோர் இலையையும் திருப்பிப் பார்க்க முடியாது. அவருக்கு மருந்து வேண்டியிருக்கலாம். பத்துச் செடிக்காரருக்கோ தேத்தண்ணி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். ஆகவே மருந்து கேட்பவரிடம் நான் எத்தனை செடி என்று கேட்பேன். பத்து என்றால், மருந்து டாங்கியை இரவல் தருவதில்லை.