பேரப்பிள்ளை கண்ட பிறகு எதற்கு?

“பேரப்பிள்ளை கண்ட வயசில மார்புக்கு என்னகா ஒப்பறேசன்?” எங்கள் கிழக்கிலங்கைக் கரையில், தம்பிலுவிலில் ஓர் அம்மம்மாவைப் பார்த்தும் இப்படிக் கேட்பார்கள், கல்முனையில் ஓர் உம்மம்மாவைப் பார்த்தும் கேட்பார்கள். பதிலை எதிர்பார்த்து அல்ல, வாயை அடைக்கத்தான். ஐம்பது தாண்டிய ஒரு பெண், தளர்ந்துபோன மார்பை நிரப்பவோ நிமிர்த்தவோ வழியிருக்கிறதா என்று வாய்விட்டு யோசித்தால் போதும், மச்சாள்மார் தொடக்கம் மகன்மார் வரை தீர்ப்புச் சொல்ல ஆட்கள் தயார்.

இந்தச் சத்திரசிகிச்சையைச் செய்துகொள்ளுங்கள் என்று நான் எவருக்கும் சொல்ல வரவில்லை. வேண்டாம் என்பதற்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன. அவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஆனால் ‘வயசு போச்சு’ என்பது அவற்றில் ஒன்றல்ல. அந்த இரண்டு சொற்களுக்குள் நாலைந்து வாதங்களைத் திணித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பார்ப்போம்.

‘இது நடிகைகளுக்கான வேலை’ என்பது முதலாவது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1895இல் ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரில் வின்சென்ஸ் செர்னி என்ற சத்திரசிகிச்சை நிபுணர், நோய்ப்பட்ட மார்புத் திசுவை அகற்ற வேண்டியிருந்த பெண் ஒருவருக்கு, அவருடைய முதுகுப் பக்கத்திலிருந்த கொழுப்புக் கட்டியையே எடுத்து வந்து வெறுமையான இடத்தை நிரப்பினார். மார்பை மீளமைத்ததாகப் பதிவான மிகப் பழைய முயற்சிகளில் அதுவும் ஒன்று. அந்தப் பெண்ணுக்கு வயது 41. அவர் பாடகி என்பது உண்மைதான். ஆனால் அவரைக் கத்திக்குக் கொண்டுபோனது நோய், மேடை அல்ல. 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் தோமஸ் குரோனின், பிராங்க் ஜெரோ என்ற இரு வைத்தியர்கள் சிலிக்கோன் பையை முதன்முதலில் ஒரு பெண்ணின் மார்பில் வைத்தார்கள். டிம்மி ஜீன் லின்ட்சி என்ற அவர் ஆறு பிள்ளைகளின் தாய். ஆஸ்பத்திரிக்குப் போனதே பச்சை குத்தியதை அழிப்பதற்காக. மார்பைவிடத் தன் காதுகள் துருத்திக்கொண்டு நிற்பதுதான் அவருக்குக் கவலையாக இருந்ததாம். காதையும் சரிசெய்து தருவதென்றால் சம்மதம் என்றாராம். இந்தச் சத்திரசிகிச்சையின் கதை பிள்ளை பெற்ற பெண்களிடமிருந்தும் நோய்ப்பட்ட பெண்களிடமிருந்தும்தான் தொடங்குகிறது. சினிமா பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

அடுத்தது, ‘இனி யார் பார்க்கப் போகிறார்கள்?’ எல்லா வாதங்களிலும் கொடியது இதுதான். மார்பு பிள்ளைக்குப் பாலுக்காகவும் புருசனின் பார்வைக்காகவும் இருக்கிறது, இரண்டும் முடிந்தால் அதன் கணக்கும் முடிந்தது என்பது இதன் உள்ளர்த்தம். அறுபது வயது ஆண் மீசைக்கு மை பூசிக்கொண்டு கலியாண வீட்டுக்கு வருகிறார். எழுபதில் பல்லுக் கட்டுகிறார், கண்ணுக்கு லென்ஸ் வைக்கிறார். “இனி யாரைப் பார்க்கப் போகிறீர்?” என்று எவரும் கேட்பதில்லை.

ஒரு பக்க மார்பை இழந்த பெண்ணின் காலை நேரத்தை இவர்கள் பார்த்ததில்லை. உள்சட்டையின் வெறும் பக்கத்தில் பஞ்சையோ மடித்த பழந்துணியையோ வைத்துத் தைத்துக்கொள்கிறாள். பஞ்சுக்குப் பாரம் கிடையாது. கொடியில் உடுப்புக் காயப்போடக் கையைத் தூக்கினால் மேலே ஏறிவிடும். எங்கள் கரையோர வெக்கையில் வியர்வை ஊறி, மத்தியானத்துக்குள் ஒரு மூலையில் கட்டியாகத் திரண்டுவிடும். மற்றப் பக்கத்தின் பாரம் தோளை ஒருபுறமாக இழுக்கும். ஊசி குத்தி நிறுத்திய சேலை முந்தானையை நிமிடத்துக்கொரு தரம் தொட்டுப் பார்த்தபடி சந்தைக்குப் போய் வருகிறாள். யார் பார்க்கிறார்கள் என்றா கேட்கிறீர்கள்? அவளே பார்க்கிறாள், ஒவ்வொரு நாளும், குளித்து முடித்துத் தலை துவட்டும்போது. போதாதா?

நோயில்லாமல், வயதாலும் மெலிவாலும் மார்பு வற்றிப்போனவர்களின் ஆசையை இதோடு சமப்படுத்த மாட்டேன். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் நையாண்டி செய்கிறவர்கள்தான் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே இல்லை. புற்றுநோயில் மார்பை இழந்து மீளமைக்க விரும்புகிறவளுக்கும் அதே ‘இந்த வயசிலயா’தான் கிடைக்கிறது.

வைகாசியில் தம்பிலுவில் கண்ணகி அம்மன் கோயிலில் குளிர்த்திச் சடங்கு நடக்கிறது. கண்ணகி வழக்குரை படிக்கிறார்கள். தன் மார்பைத் திருகி எறிந்து ஒரு நகரத்தை எரித்த பெண்ணின் கதையை ஆண், பெண், குஞ்சு குருமான் எல்லோரும் கூடியிருந்து கேட்கிறார்கள். எவருக்கும் கூச்சம் வருவதில்லை. கோயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தால், மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது என்று சொந்த மகளிடம் சொல்வதற்கே மாதக்கணக்கில் தயங்கும் தாய்மார் இருக்கிறார்கள். தெய்வத்தின் மார்பைப் பற்றி விடிய விடியக் கேட்கலாம், அம்மாவின் மார்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. இது என்ன நியாயம்? இந்த வெட்கம் ஓர் அலங்காரச் சத்திரசிகிச்சையை மட்டும் தடுத்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். இலங்கைப் பெண்களிடம் ஆகக்கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய் மார்புப் புற்றுநோய். அதைக் காலத்தோடு கண்டுபிடிக்க விடாமல் செய்வதும் இதே வெட்கம்தான்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். கணவர் கேட்கிறார் என்பதற்காக, அவர் வேறு பக்கம் பார்க்கிறார் என்ற பயத்தில், ஒரு பெண் இதைச் செய்ய நினைத்தால் அது தவறான காரணம். அந்த வியாதிக்கு மருந்து அவளுடைய மார்பில் இல்லை.

‘உடம்பு தாங்காது’ என்பதற்கு வருவோம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2006இல் சிலிக்கோன் பைகளை மீண்டும் சந்தைக்கு அனுமதித்தபோது, மார்பைப் பெருப்பிப்பதற்கு 22 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வைக்கக்கூடாது என்று கீழெல்லை போட்டது. மேலெல்லை எதுவும் போடவில்லை. மயக்க மருந்து வைத்தியர் உங்கள் பிறந்த திகதியை மட்டும் பார்த்து முடிவெடுக்க மாட்டார். சீனி எவ்வளவு, பிரசர் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுக்கிறீர்களா, இருதயம் எப்படி என்று பார்ப்பார். எங்கள் பக்கத்துப் பெண்களிடம் கூடுதலாகக் கேட்க வேண்டியது வெற்றிலை. பாக்கோடு புகையிலையும் சேர்த்து மெல்லுகிறவருக்கு, சிகரெட் பிடிக்கிறவரைப் போலவே, நிக்கொட்டீன் இரத்தக் குழாய்களைச் சுருக்கிக் காயம் ஆறுவதைப் பின்னிழுக்கும். கட்டுப்பாடில்லாத நீரிழிவுள்ள 45 வயதுப் பெண்ணைவிட, நோயில்லாமல் நடமாடும் 62 வயதுப் பெண்ணுக்கு ஆபத்துக் குறைவாக இருக்கக்கூடும்.

இங்கே விளம்பரக்காரர்கள் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு மார்பின் பால் சுரப்பித் திசு சுருங்கி, அந்த இடத்தைக் கொழுப்பு பிடிக்கிறது. தோலும் இழுவையை இழக்கிறது. அப்படித் தொய்ந்த மார்புக்குள் பையை மட்டும் வைத்தால் மார்பு நிமிராது. பையின் பாரம் இன்னும் கீழே இழுக்கும். பல பெண்களுக்கு உண்மையில் தேவைப்படுவது, மிகுதித் தோலை அகற்றி மேலே தூக்கித் தைக்கும் வேறொரு சத்திரசிகிச்சை. சிலருக்கு வயிற்றுக் கொழுப்பை எடுத்து ஊசியால் நிரப்பலாம், அதில் ஒரு பகுதியை உடம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். சிலருக்கு அளவாகத் தைத்த நல்ல உள்சட்டையே போதும். இதையெல்லாம் ஒரு நிபுணர் முன்னால் உட்கார்ந்தால்தான் அறியலாம். ‘வயசு போச்சு’ என்ற வசனம் அந்தக் கதிரைக்கே போக விடுவதில்லை.

வயது உண்மையாகவே கணக்கில் வரும் இடம் ஒன்று உண்டு. அதை ஊரார் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இந்தப் பைகள் ஆயுளுக்கும் நின்று பிடிப்பவை அல்ல. பத்து வருடத்தில் கட்டாயம் மாற்ற வேண்டும் என்ற விதியும் இல்லை. ஆனால் பை கிழியலாம், அல்லது அதைச் சுற்றி உடம்பு கட்டும் தழும்புத் தோல் இறுகி மார்பு கல்லாகி வலிக்கலாம். நாள் போகப் போக இதற்கான வாய்ப்புக் கூடும். 60இல் வைத்தவருக்கு 75இல் எடுக்கவோ மாற்றவோ வேண்டி வரலாம். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, முதலாவது சத்திரசிகிச்சைக்கு வயது சரியா என்பதல்ல. இரண்டாவதற்கு உடம்பு இருக்குமா, காசு இருக்குமா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆளிருக்குமா என்பது. இந்தக் கேள்விக்குப் பதிலில்லாதவர் வேண்டாம் என்று முடிவெடுத்தால் அது நல்ல முடிவு.

‘புற்றுநோய் வரும்’ என்ற பயத்தில் பாதி உண்மையும் பாதிக் குழப்பமும் இருக்கின்றன. சிலிக்கோன் பை வைத்த பெண்களுக்கு மார்புப் புற்றுநோய் கூடுதலாக வருவதாகப் பெரிய ஆய்வுகள் எதுவும் காட்டவில்லை. ஆனால் பையைச் சுற்றியுள்ள திசுவில், நிணநீர்க் கலங்களில் தொடங்கும் அரிதான ஒரு புற்றுநோய் இருக்கிறது. சொரசொரப்பான மேற்பரப்புள்ள பைகளோடு அது தொடர்புடையது என்று உறுதியானதும், 2019 யூலையில் பை தயாரிக்கும் அலர்கன் கம்பனி தன்னுடைய அந்த வகைப் பைகளை உலகம் முழுவதிலுமிருந்து திருப்பி எடுத்துக்கொண்டது. 2021 ஒக்டோபரில் அமெரிக்கா இன்னும் இறுக்கிப் பிடித்தது: ஆபத்துக்களை வரிவரியாக எழுதிய ஒரு தாளைப் பெண்ணிடம் கொடுத்து, அவர் வாசித்துக் கையெழுத்து வைத்த பிறகுதான் பையை விற்கலாம். பை மமோகிராம் படத்தில் ஒரு பகுதியை மறைக்கும் என்பதும் உண்மை. அதற்கென்று பையைப் பின்னால் தள்ளிப்பிடித்து மேலதிகப் படங்கள் எடுக்கும் முறை இருக்கிறது, ஆனால் படம் எடுப்பவரிடம் நீங்கள் முதலிலேயே சொல்ல வேண்டும். வயது ஏற ஏற மார்புப் புற்றுநோயின் வாய்ப்பும் ஏறுவதால், ஐம்பது தாண்டியவர் சத்திரசிகிச்சைக்கு முன்பே மமோகிராம் எடுத்துப் பார்ப்பதுதான் முறை.

சமயத்தை இழுப்பவர்களுக்குச் சுருக்கமாக. போரில் மூக்கை இழந்த அர்பஜா என்ற நபித்தோழர் வெள்ளியில் மூக்கு வைத்து அது கெட்டுப்போனபோது, பொன்னில் வைத்துக்கொள்ளும்படி நபிகள் நாயகம் பணித்ததாக வரும் ஹதீஸைக் கல்முனையில் எந்த மௌலவியும் அறிவார். சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி 2007இல் மலேசியாவில் கூடி எடுத்த தீர்மானமும், குறையைச் சீர்செய்வதையும் இழந்ததை மீட்பதையும் அனுமதித்தது. இயல்பான உடம்பை அழகுக்காக மட்டும் மாற்றுவதை அது ஏற்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆக, மார்க்கம் கேட்பது ஏன் செய்கிறாய் என்றுதான். எத்தனை வயது என்று அது கேட்கவில்லை. சைவப் பக்கத்தில் இதற்கெதிராகச் சாஸ்திரம் காட்டியவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. ‘ஊர் என்ன சொல்லும்’ என்பதைத்தான் சாஸ்திரமாக்கி வைத்திருக்கிறார்கள்.

மிஞ்சுவது காசு. 2018 பெப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை மார்புச் சீரமைப்புக்கென ஒரு கிளினிக்கைத் திறந்து, பெருப்பித்தல் உட்பட எல்லாவற்றையும் இலவசமாகச் செய்வதாக அறிவித்தபோது பெரிய வாக்குவாதம் எழுந்தது. அழகுச் சிகிச்சை ஏழைக்கு மட்டும் ஏன் கிடைக்கக் கூடாது, கிடைக்காவிட்டால் கடன்பட்டும் ஆபத்தான வழிகளிலும் போவார்களே என்பது அப்போதைய தமிழ்நாட்டுச் சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கரின் வாதம். பொதுச் சுகாதாரத்துக்குப் போக வேண்டிய பணம் இதற்கா என்று மூத்த வைத்தியர்களே எதிர்த்தார்கள். இதில் நான் பாதி அமைச்சர் பக்கம், பாதி எதிர்த்தவர்கள் பக்கம். நோயில் இழந்த மார்பை மீளமைப்பது சிகிச்சையின் பகுதி. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமெரிக்கக் காப்புறுதிக் கம்பனிகள், மார்பு அகற்றுவதற்குப் பணம் கொடுத்தால் மீளமைப்புக்கும், இரு பக்கமும் ஒத்திருக்க மற்ற மார்பைச் சரிசெய்வதற்கும் பணம் கொடுத்தே ஆகவேண்டும். இலவச வைத்தியம் என்று பெருமை பேசும் எங்கள் நாடு அதைவிடக் குறைவாகக் கொடுக்கக் கூடாது. நோயில்லாத ஆசைக்குத் தன் காசைத்தான் எடுக்க வேண்டும். அது அவளுடைய காசாக இருந்தால், காணி வித்த காசோ வெளிநாட்டு உழைப்போ, கணக்குக் கேட்க மற்றவர்களுக்கு உரிமையில்லை.

யோசிக்கிற பெண்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போய் மார்பைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். 35 வயதிலிருந்தே அந்தச் சேவை உங்களுக்கு உண்டு, காசு கிடையாது. பிறகு கொழும்பில் நிபுணரைப் பார்க்கப் போவதென்றால் அவர் பதிவுபெற்ற பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணரா என்று விசாரியுங்கள். முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணம், முதல் நாளே ‘ஓம்’ சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டாம். வைப்பதென்றே முடிவானால், உள்ளே வைக்கும் பையின் கம்பனி, வகை, தொடர் இலக்கம் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்குங்கள். பிரான்சின் பிஐபி கம்பனி தொழிற்சாலைச் சிலிக்கோனைப் பைகளில் நிரப்பிப் பல நாடுகளில் விற்று, 2010இல் பிடிபட்டபோது, தங்கள் உடம்புக்குள் இருப்பது எந்தப் பை என்று தெரியாமல் அலைந்த பெண்கள் ஏராளம். அந்த அட்டையை அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள், அது இருக்கும் இடத்தை மகளிடம் சொல்லி வையுங்கள்.