கேள்வி கேட்பவர் யார்?

நான் முன்பு கற்பித்த ஒரு மதரஸாவில், நடக்க இயலாத மாணவர் ஒருவர் ஓதி வந்தார். வகுப்பு மாடியில் இருந்தது. தோழர்கள் இருவர் நாள்தோறும் அவரைத் தூக்கி வருவார்கள். அவ்விருவரையும் நான் பலமுறை பாராட்டியதுண்டு. வகுப்பைக் கீழ்த்தளத்திற்கு மாற்றலாம் என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. பிரிட்டனில் நிகழ்ந்த ஒரு வரலாற்றைப் படித்த பின்னரே அத்தவறு எனக்கு உறைத்தது.

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் லெ கோர்ட் என்றோர் இல்லம் இருந்தது. கடுமையான உடற்குறை உடையோர் அங்கே தங்க வைக்கப்பட்டிருந்தனர். உறங்கச் செல்லும் நேரத்தைக்கூடத் தாமே முடிவு செய்ய அவர்கள் போராட வேண்டியிருந்தது. தசைச் சிதைவு நோயுற்ற பால் ஹன்ட் அப்போராட்டத்தில் முன்னின்றவர். ஆய்வாளர் வந்து பார்த்தால் நியாயம் கிடைக்கும் என நம்பி, 1960களில் அவர்களே ஆய்வை நாடினர். லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த இருவர் வந்தனர். 1972இல் நூலும் வெளியாயிற்று. இத்தகைய இல்லங்களில் சேர்வோரைச் சமூகம் இறந்தவராகவே எண்ணிவிடுகிறது என்று அவ்வாய்வாளர்கள் கண்டுகொண்டனர். கண்டும் என்ன? அந்நிலையை ஒழிக்கக் கோராமல், இல்லங்களைச் செம்மையாக நடத்தும் வழிகளையே பரிந்துரைத்தனர். இதற்கு நடுநிலை என்று பெயராம்! அடைத்தவருக்கும் அடைபட்டவருக்கும் நடுவே நிற்பது எங்ஙனம் நடுநிலையாகும்? தாம் நம்பி அழைத்தவர்களே தம்மைக் கைவிட்டதாக ஹன்ட் கருதினார்.

அதே ஆண்டு கார்டியன் நாளேட்டில் அவர் எழுதிய கடிதத்தின் விளைவாக, உடற்குறை உடையோரே நடத்தும் ஓர் அமைப்பு உருவாயிற்று. உடலில் இருப்பது குறை. அதன்மீது சமூகம் சுமத்துவதே இயலாமை என்று 1976இல் அது வரையறுத்தது. அவ்வமைப்பின் முன்னோடிகளுள் ஒருவர் விக் ஃபின்கெல்ஸ்டைன். தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றவர், சக்கர நாற்காலியில் இயங்கியவர். 1975இல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இத்துறையில் தொடங்கிய பாடத்தில் அவர் ஆசிரியப் பணி ஏற்றார். அதுகாறும் நோயாளியாக மட்டுமே பார்க்கப்பட்டவர் ஆசிரியர் இருக்கையில் அமர்ந்தார்.

பின்னர் மைக் ஆலிவர் என்னும் சமூகவியலாளர், அரசு எடுத்த கணக்கெடுப்பின் வினாக்களைத் தலைகீழாக்கிக் காட்டினார். பொருள்களைப் பிடிக்கவும் திருகவும் இயலாமைக்கு உம் உடலில் என்ன கோளாறு என்று அரசு வினவியது. ஜாடியையும் டப்பாவையும் செய்தவிதத்தில் என்ன கோளாறு என்று வினவலாமே என்றார் அவர். எத்துணை எளிய மாற்றம்!

1991இல் காலின் பார்ன்ஸ் உரிமை அமைப்புகளுக்காக ஆய்ந்து எழுதிய நூல், பாகுபாட்டைத் துறைவாரியாக எடுத்துக்காட்டியது. 1995இல் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்தது. பேருந்துகளோடு தம்மைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு போராடியவர்களுக்கும் அதில் பங்குண்டு. சட்டம் வலுவற்றது என அவர்கள் அப்போதே குறைகூறியதும் உண்மை.

சென்ற ரமலானில் என் பழைய மாணவரைச் சந்தித்தேன். அந்த மாடிப்படியைப் பற்றி முதன்முறையாகக் கேட்டேன்.

"மீண்டும் தூக்க வேண்டியிருக்குமே என்று, வகுப்பு முடியும்வரை தண்ணீர் குடிக்க மாட்டேன் ஹஜ்ரத்" என்றார்.