சிவப்பு நிறம் சென்டிமீட்டர் ஆகாது

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் சென்னைத் துறைமுக ராடாரின் படம் வாட்ஸ்அப் குழுக்களில் ஓயாமல் சுற்றுகிறது. நம் ஊர் மேல் சிவப்பு என்றால் கொட்டும், பச்சை என்றால் தூறும், ஒன்றுமே இல்லை என்றால் குடை வேண்டாம். படித்தவர்களும் இப்படித்தான் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. வெள்ளக் காலத்தில் ஆபத்தும்கூட.

ராடார் மழையை அளப்பதில்லை. துளிகளில் பட்டுத் திரும்பும் அலையின் வலுவை அளக்கிறது. மழை எவ்வளவு என்பது அதிலிருந்து போடும் கணக்கு.

கணக்கில்தான் சிக்கல். திரும்பும் அலையின் வலு, துளி விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. 3 மி.மீ. விட்டமுள்ள ஒரே துளி, 1 மி.மீ. துளிகள் 729 சேர்ந்து தரும் வலுவைத் தந்துவிடும். ஆனால் அதிலுள்ள தண்ணீரோ 27 சிறுதுளிகளின் தண்ணீர்தான். நிறம் ஒன்று, தண்ணீர் 27 மடங்கு வேறு! ராடார் திரையில் 40 டிபிஇசட் (திரும்பும் அலையின் வலுவைக் குறிக்கும் அலகு) என்று காட்டும் இடத்தில், வலுவை மழையளவாக மாற்றும் மார்ஷல்–பால்மர் சூத்திரப்படி மணிக்குச் சுமார் 11 மி.மீ. மழை, வெப்பமண்டல மழைக்கான சூத்திரப்படி சுமார் 21 மி.மீ.

தூரம் கூடினால் பிழையும் கூடும். அரை பாகை சாய்வில் கிளம்பும் அலை 100 கி.மீ. தொலைவில் சுமார் ஒன்றரை கி.மீ. உயரத்தில் போகிறது, 200 கி.மீ.யில் நான்கு கி.மீ.க்கும் மேல். அதற்குக் கீழே கொட்டும் மழை அதன் கண்ணில் படாது.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்தது. காரைக்கால் ராடார் அங்கிருந்து 300 கி.மீ.க்கு அப்பால். திருவனந்தபுரம் ராடாருக்கும் அவ்வூருக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. 95 என்ற எண்ணைத் தந்தது தரையில் வைத்த மழைமானி.

ராடார் வேண்டாம் என்பதல்ல வாதம். மேகம் எங்கே திரள்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைச் சொல்ல அதற்கு நிகரில்லை. துளியின் வடிவத்தையும் பார்க்கும் இரட்டைத் துருவ ராடார்கள் பிழையைக் குறைத்திருக்கின்றன, ஒழித்துவிடவில்லை. ஜப்பான் வானிலைத் துறை ராடார் மதிப்பீட்டை மழைமானி அளவுகளோடு ஒப்பிட்டுத் திருத்திய பிறகே மழை வரைபடமாக வெளியிடுகிறது. இங்கும் அதுவே வழக்கமாக வேண்டும்.

அதுவரை, ராடார் படத்தை அனுப்புகிறவர்கள் பக்கத்து மழைமானியின் அளவையும் சேர்த்து அனுப்புங்கள். அந்த எண் இல்லாமல், நிறத்தை மட்டும் பார்த்து யாரையும் வீட்டைவிட்டுக் கிளம்பவும் சொல்லாதீர்கள், இருக்கவும் சொல்லாதீர்கள்.