காட்டுக்குள் இறங்கிய ஒளி

"ஹஜ்ரத், பறக்கும் தட்டு என்பது உண்மைதானா?" என்று மாணவர் ஒருவர் சென்ற வாரம் வினவினார். ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடை பகர்வதைவிட, நன்கு ஆராயப்பட்ட ஒரு நிகழ்ச்சியை அவருக்கு எடுத்துரைப்பதே மேல் எனத் தோன்றிற்று. வாசக அன்பர்களுக்கும் அதனையே முன்வைக்கிறேன்.

இங்கிலாந்தின் கிழக்கே, சஃபோக் மாவட்டத்தில் ரெண்டில்ஷாம் என்றொரு காடு உண்டு. அதனையொட்டி அன்று அமெரிக்க விமானப்படையின் தளம் ஒன்று இருந்தது. 1980 டிசம்பர் 26ஆம் நாள் அதிகாலை மூன்று மணியளவில், ஒளி ஒன்று காட்டுக்குள் இறங்குவதைக் காவல் வீரர்கள் கண்டனர். உள்ளே சென்றவர்கள் மின்னி மின்னி மறையும் வெளிச்சத்தைப் பார்த்தனர். விடிந்தபின் தரையில் மூன்று பள்ளங்களும், மரங்களில் காயங்களும் காணப்பட்டன. இரண்டு இரவுகள் கழித்துத் தளத்தின் துணைத் தளபதி சார்லஸ் ஹால்ட் ஒலிப்பதிவுக் கருவியுடன் தாமே சென்றார். அவரும் ஒளியைக் கண்டார். 1983இல் அவரது அறிக்கை வெளியானதும் பத்திரிகைகள் அமர்க்களப்படுத்தின.

வானியல் நூலாசிரியர் இயன் ரிட்பாத் இதனை ஆராயப் புகுந்தார். அரசு தந்த பொறுப்பன்று, அவராக ஏற்றுக்கொண்டது. அது கலங்கரை விளக்கமே என்று அவ்வட்டார வன ஊழியர் ஒருவர் கூறியிருந்தார். ரிட்பாத் இரவில் அக்காட்டிற்கே சென்று நின்றார். ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த ஆர்ஃபோர்ட்னஸ் விளக்கு, மரங்களினூடே தரையை ஒட்டி மிதப்பதுபோல் காட்சி தந்தது. ஐந்து வினாடிக்கு ஒருமுறை மின்னுவது அவ்விளக்கின் இயல்பு. ஹால்டின் ஒலிநாடாவில், ஒளி மீண்டும் தெரிவதாக அவர்கள் கூவும் இடைவெளியும் ஐந்து வினாடியே!

ஆயின் வானிலிருந்து இறங்கியது எது? இங்கேதான் ஒரு தேதிப் பிழை வழிமறித்தது. நிகழ்ச்சிக்கு ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து எழுதப்பட்ட அறிக்கையில் முதல் இரவு 27 என்று குறிக்கப்பட்டிருந்தது. உள்ளூர்க் காவல்துறைப் பதிவேடோ 26 என்றது. தேதி திருந்தியதும் திரையும் விலகியது: 26ஆம் தேதி மூன்று மணிக்குச் சற்றுமுன் தென் இங்கிலாந்தின் வானில் பேரொளி வீசும் எரிகல் ஒன்று காணப்பட்டிருந்தது. அதே காவல்துறைப் பதிவேட்டில், அப்பகுதியில் தெரிந்த வெளிச்சம் கலங்கரை விளக்கினுடையதே என்ற குறிப்பும் இருந்தது. பள்ளங்கள் முயல்கள் பறித்தவை. மரக்காயங்கள் வெட்டுவதற்காக வனத்துறையினர் கோடரியால் இட்ட அடையாளங்கள். தெற்கே நெடுநேரம் நின்ற ஒளி, சீரியஸ் விண்மீன் என்பது ரிட்பாத்தின் முடிவு.

அவ்வீரர்கள் பொய்யர்கள் என்று எவரும் கருத வேண்டியதில்லை. அறிவிப்பாளரின் நேர்மை வேறு, அவர் கண்டதை உள்வாங்கி நினைவிற்கொள்ளும் துல்லியம் வேறு. இரண்டையும் தனித்தனியே எடைபோட வேண்டும் என ஹதீஸ்கலை வகுப்பில் நாம் கற்பிப்பதில்லையா? நள்ளிரவும் அச்சமும் கூடினால் பழகிய விளக்கும் அந்நியமாகிவிடும்.

ஹால்ட் இவ்விளக்கத்தை ஏற்கவில்லை. கலங்கரை விளக்கம் வேறு, தாம் கண்டது வேறு என்பதே அவரது வாதம். இனி எவரும் அக்காட்டில் நின்று ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. 2013இல் அவ்விளக்கு அணைக்கப்பட்டது. கடல் கரையை அரித்துவிட்டதால் 2020இல் கோபுரமும் இடிக்கப்பட்டது.